மலைப்பாம்புக் குட்டியா, கண்ணாடி விரியனா?

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலை வேளையில், உவர் நிலங்களைப் பார்வையிடுவதற்காக மரக்காணத்தை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். ஒரு பக்கம் உப்பளம். மறு பக்கம் சவுக்குத் தோப்பு. இடையே மானாவாரிக் கடலை அறுவடையான மேட்டு நிலம். அப்பகுதி உழவர்கள் அறிந்ததுதான், வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களுக்கு மழைக்கு முன்பே பனை ஓலை வேய்ந்து விடுவார்கள். வேய்ந்தது போக மிஞ்சிய ஓலைக் கட்டுகள் தோப்பின் ஓரத்தில் கிடந்தன. அவற்றில் ஒன்றைப் புரட்டிய இளைஞர் ஒருவர், "சார், இங்கே வந்து பாருங்க" என்று அழைத்தார்.

ஓலைக்கு அடியில் ஒன்றரை முழ நீளத்தில் தடித்த பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. பழுப்பு நிற உடல். அதன் மேல் கரும்பழுப்பில் பெரிய பெரிய திட்டுகள். "மலைப்பாம்புக் குட்டி சார். விஷம் கிடையாது. பக்கெட்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்தார். மலைப்பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர்களின் படங்களைக் கைப்பேசியில் அவர் பல முறை பார்த்திருக்கிறார். கை பாம்பின் கழுத்தை நோக்கி நீண்டது. ஓலை சுமக்க வந்திருந்த இருளர் இனத்து அம்மா ஒருவர் அப்போதுதான் சுமையை இறக்கினார். "தம்பி, கையை எடுப்பா. அது கண்ணாடி விரியன்" என்று அவர் சொன்னதும் இளைஞர் பின்னுக்கு வந்தார். பாம்பும் அதை உறுதி செய்வது போல, குக்கர் ஆவி விடுவது போன்ற ஓசையுடன் சீறியது.

அதை மலைப்பாம்பு என்றே நானும் எண்ணியிருந்தேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். வேளாண்மையில் பட்டமேற்படிப்பு முடித்தவன். பயிரைத் தாக்கும் பூச்சிகளை இறகின் நரம்பைக் கொண்டு பிரித்துச் சொல்லப் பழகியவன். ஆனால் வயலோரத்தில் கிடக்கும் இந்த இரண்டு பாம்புகளையும் பிரித்துப் பார்க்க எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் கல்லை வைத்து, வனத்துறைக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருந்த நேரத்தில் அந்த அம்மாவிடம் கேட்டேன். "மலைப்பாம்பு மேல எண்ணெய் தடவின மாதிரி மினுக்கும் சார். இது சாக்கு மாதிரி சொரசொரன்னு கிடக்கு. முதுகுல பாருங்க, சங்கிலி கோத்த மாதிரி ஒழுங்கா ஓடுது. மலைப்பாம்புக்கு அப்படி ஓடாது, மேகம் கலைஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். பின்னர் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, அவர் சொன்னதற்கு மேலாகச் சேர்க்க வேண்டியவை சிலவே இருந்தன.

அடையாளங்கள்

கண்ணாடி விரியனின் முதுகில் நடுவே ஒரு வரிசையும், விலாப்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வரிசையும் ஆக மூன்று வரிசைத் திட்டுகள் தலை முதல் வால் வரை செல்லும். ஒவ்வொரு திட்டும் முட்டை வடிவில் இருக்கும். சுற்றிலும் கறுப்பு விளிம்பும் அதற்கு வெளியே வெளிறிய விளிம்பும் இருக்கும். நடுவரிசைத் திட்டுகள் பல இடங்களில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சங்கிலி போலத் தோன்றும். செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேடு உண்டு. அதனால்தான் உடல் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் தெரிகிறது. தலை முக்கோணமானது, சிறு செதில்களால் மூடப்பட்டது, கழுத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்பது. நன்கு வளர்ந்தது மூன்றடி முதல் நான்கடி வரை இருக்கும். ஐந்தடியைத் தொடுவது அரிது. உடல் தடிமனாக இருக்க, வால் மட்டும் திடீரெனக் குறுகி ஒல்லியாக முடியும்.

மலைப்பாம்பின் திட்டுகள் பெரியவை, ஒழுங்கற்றவை, ஒன்றைப் போல் மற்றொன்று இராது. செதில்கள் வழுவழுப்பானவை. வெயில் படும்போது அவற்றில் நீலமும் ஊதாவும் கலந்த பளபளப்பு எழும். தலையின் மேல் ஈட்டி முனை போன்ற ஒரு குறி இருக்கும். நம் நாட்டு மலைப்பாம்பில் தலை சற்று இளஞ்சிவப்பாகவும் இருக்கும். மூக்கை ஒட்டிய மேலுதட்டுச் செதில்களில் சிறு குழிகளைக் காணலாம். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டியே ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு மேல் இருக்கும். விரியன் குட்டியோ பிறக்கும்போது ஒரு சாண் அளவுதான்.

கண்ணின் பாவை நெடுக்காக இருந்தால் நஞ்சுப் பாம்பு, வட்டமாக இருந்தால் நஞ்சற்றது என்று சிலர் சொல்வதுண்டு. அதை நம்ப வேண்டாம். மலைப்பாம்பு, விரியன் இரண்டுக்குமே பாவை நெடுக்குத்தான். நல்லபாம்பின் பாவையோ வட்டமானது! கண்ணைப் பார்க்கும் அளவுக்கு அருகில் போவதே தவறு.

மூன்றாவதாக மண்ணுளிப் பாம்பு ஒன்று இருக்கிறது. இதன் உடலிலும் திட்டுகள் உண்டு. வால் குட்டையாக இருக்கும். நஞ்சற்றது, மணற்பாங்கான நிலத்தில் எலி தின்று வாழ்வது. இதை விரியன் என்று அடித்துக் கொல்வோரும் உண்டு. விரியனை இது என்று எண்ணிக் கையில் எடுப்போரும் உண்டு. இதன் இனத்தைச் சேர்ந்த இருதலை மணியனுக்குப் பல இலட்சம் விலை கிடைக்கும் என்று சொல்லி ஏமாற்றும் தரகர்கள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். அதற்கு இரண்டு தலையும் இல்லை. அந்த விலையும் இல்லை.

எந்த அடையாளமும் தெளிவாகத் தெரியாதபோது, கண்ட பாம்பை விரியன் என்றே கொள்ள வேண்டும். உப்பளக் கரையிலும் கடலைக் காட்டிலும் திட்டுப் போட்ட தடித்த சிறு பாம்பு கண்ணில் பட்டால், அது விரியனாக இருக்கும் வாய்ப்பே பெரிது. மலைப்பாம்பு காடு, பாறை, புதர், நீர்நிலை ஆகியவை சேர்ந்த இடங்களையே பெரிதும் நாடும்.

மலைப்பாம்பை நேரில் கண்டபோது

காட்டில் மலைப்பாம்பை நான் முதலில் கண்டது தமிழ்நாட்டில் அன்று. தில்லியில் ஒரு பயிற்சிக்குச் சென்றிருந்த தை மாதத்தில், இராசசுதானத்தில் பரத்பூரை அடுத்துள்ள கேவலதேவ் தேசியப் பூங்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பறவைகளுக்குப் பெயர் பெற்ற சதுப்பு நிலம் அது. நம் கழுவெளியைப் போல வலசைப் பறவைகள் வந்து தங்குமிடம். அங்கே மேட்டு நிலத்தில் முள்ளம்பன்றிகள் தோண்டிய வளைகள் பல உள்ளன. குளிர்காலத்தில் மலைப்பாம்புகள் அவ்வளைகளில் குடியிருக்கின்றன. முள்ளம்பன்றி இரவில் வெளியே போகும். மலைப்பாம்பு பகலில் வெயில் காய வெளியே வரும். இருவரும் ஒரே வளையில் இருந்தும் பெரும்பாலும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடுவதில்லை.

வழிகாட்டி கையால் சைகை செய்ய, இருபதடி தூரத்தில் நின்றோம். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த இலையும் நிழலும் வெயிலும்தான் இருந்தன. பிறகு அந்த நிழலில் ஒரு பகுதி மெல்ல மூச்சு விட்டது. பத்தடிக்குக் குறையாத உடல், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சுற்று. தலையை முதல் சுற்றின் மேல் வைத்திருந்தது. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். நாக்கை நான்கைந்து முறை நீட்டியதைத் தவிர அது வேறொன்றும் செய்யவில்லை. இவ்வளவு பெரிய உயிர் இவ்வளவு அமைதியாக இருக்க முடியுமா என்று வியந்தேன். மறைந்திருப்பதற்கே அமைந்த அந்தத் திட்டுகளின் வேலைப்பாட்டை அன்றுதான் புரிந்துகொண்டேன். அதே வேலைப்பாடு விரியனையும் நம் கண்ணிலிருந்து மறைக்கிறது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்தப் பூங்காவின் மலைப்பாம்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்களில் நம் கோவை ஆனைக்கட்டி சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தைச் சேர்ந்த பூபதி குறிப்பிடத்தக்கவர். தமிழ்நாட்டில் மாயாறு பள்ளத்தாக்கிலும் பின்னர் மலைப்பாம்புகளின் உடலில் வானொலிக் கருவி பொருத்தி அவற்றின் நடமாட்டத்தை ஆராய்ந்திருக்கிறார்கள்.

மாசுணம் என்ற பழந்தமிழ்ப் பெயரைப் பெற்ற இந்தப் பாம்பைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. மூச்சால் ஆட்டை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். அப்படி எந்தப் பாம்பாலும் இயலாது. அது அசையாமல் கிடந்து, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் பாய்ந்து கவ்வும். உதட்டுக் குழிகளுக்கு வெப்பத்தை உணரும் ஆற்றல் உண்டு. ஆகவே இருட்டிலும் எலியின் உடற்சூட்டைக் கொண்டே அதன் இடத்தை அறிகிறது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, நஞ்சில்லை, ஆயினும் கடித்தால் சதை கிழியும். எலும்பை நொறுக்கிக் கொல்லும் என்பதும் சரியன்று. இறுக்கிப் பிடிப்பதால் மூச்சு முட்டி இரை இறக்கிறது என்று நெடுங்காலம் எண்ணினார்கள். 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே முறையில் கொல்லும் போவா என்னும் பாம்பை வைத்து அளந்து பார்த்தபோது, இறுகிய சில நொடிகளிலேயே எலியின் இரத்த ஓட்டம் தடைப்படுவதைக் கண்டார்கள். மூச்சு நிற்பதற்கு முன்பே இதயம் தோற்றுவிடுகிறது.

விழுங்கிய பின் நடப்பது இன்னும் வியப்பு. மலைப்பாம்பின் இனமான பர்மியப் பாம்பில், பெரிய இரை உண்ட இரண்டு நாள்களுக்குள் இதயம் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை பருத்துவிடுவதாக 2005-இல் அறிவித்தார்கள். செரிமானம் முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும். ஒருமுறை வயிறு நிறைந்தால் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உணவின்றி இருக்கும். நம் வீட்டுப் பசு இப்படி இருந்தால் தீவனச் செலவே இராது!

கூண்டில் கற்ற பாடம்

மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாக்கும் தாய். பெண் பாம்பு முட்டைகளைக் குவித்து அவற்றைச் சுற்றிக் கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் கிடக்கும். இந்தியாவுக்கு வந்து திரும்பிய ஒரு பிரெஞ்சுப் பயணி, முட்டை மேல் இருக்கும் பாம்பின் உடல் சூடாக இருப்பதாகச் சொன்னபோது அங்குள்ள அறிஞர்கள் நம்பவில்லை. 1841-இல் பாரிசு விலங்குக் காட்சியில் ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டது. வெப்பமானியை வைத்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சூடு எப்படி வருகிறது என்பதை 1966-இல் நியூயார்க்கு விலங்குக் காட்சிச் சாலையில் கண்டறிந்தார்கள். குளிர் கூடக் கூட, தாய்ப்பாம்பு தன் தசைகளை விட்டு விட்டுச் சிலிர்க்கச் செய்து சூட்டை உண்டாக்குகிறது. காட்டில் வளைக்குள் நடக்கும் இதை யாரும் எளிதில் கண்டிருக்க முடியாது. கூண்டில் வைத்துப் பார்ப்பதால் விளைந்த நன்மைகளுள் இதையும் சேர்க்க வேண்டும்.

நம் உழவர்கள் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. சென்னை கிண்டியில், ரோமுலசு விட்டேக்கர் 1972-இல் அமைத்த பாம்புப் பண்ணை இருக்கிறது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு நகரத்துக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு மணி நேரம் செலவிடலாம். பெரும்பாலோர் மலைப்பாம்பின் முன் கூட்டமாக நின்று விட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நான் சொல்வது, மலைப்பாம்பை நன்கு பார்த்துவிட்டு அதே கண்ணோடு கண்ணாடி விரியனிடம் போங்கள்; மறுபடியும் மலைப்பாம்பிடம் திரும்புங்கள். இப்படி மூன்று முறை நடந்தால், எழுதிப் புரிய வைக்க நான் இங்கே படும் பாடு தேவைப்படாது. ஓலைக் கட்டைப் புரட்டிய இளைஞரையும் பின்னர் அங்கே அழைத்துச் சென்றேன். விரியனின் கண்ணாடி முன் அவர் வெகுநேரம் நின்றார்.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை செல்லும் வழியில், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலி வருகிறது. அங்குள்ள முதலைப் பண்ணை 1976-இல் தொடங்கியது. அதன் வளாகத்தில்தான் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அதற்கு முன் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்று வந்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் வந்ததும் அந்தப் பிழைப்பு நின்றுபோயிற்று. தோலுக்காகக் கொன்றவர்களே, உயிரோடு பிடித்து நஞ்சு எடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். நல்லபாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடித்து, மூன்று வாரம் வரை பானைகளில் வைத்து, சில முறை நஞ்சு எடுத்த பின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு விட்டுவிடுகிறார்கள். நம் மருத்துவமனைகளில் ஏற்றப்படும் பாம்புக்கடி முறிமருந்து இந்த நான்கு நஞ்சுகளைக் கொண்டே தயாராகிறது. அதற்கான நஞ்சில் பெரும் பங்கை நெடுங்காலமாக அளித்து வருவது இந்தச் சங்கம்தான்.

இச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017 சனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே நடந்த கதை, பாம்பை வீட்டில் வளர்க்க ஆசைப்படும் இளைஞர்கள் அறிய வேண்டியது. ஆசைக்கு வாங்கி வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் பெரிதானதும் காட்டில் விடப்பட்டன, தப்பியும் போயின. எவர்கிளேட்சு என்னும் பெரிய சதுப்பு நிலத்தில் அவை பெருகின. அங்கே அவற்றை அடக்கும் இயற்கை எதிரிகள் போதிய அளவில் இல்லை. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முன்பு சாலையோரத்தில் சாதாரணமாகக் காணப்பட்ட ரக்கூன் என்ற விலங்கைக் காண்பது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குறைந்துவிட்டதாகக் கூறியது. வேட்டைப் போட்டிகள், நாய்கள், கருவிகள் எல்லாம் வைத்தும் பாம்பைக் கண்டுபிடிப்பதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. நம்மவர் இருவரும் போய்ப் புல்லில் தடம் பார்த்து, எச்சம் பார்த்து, உரித்த தோல் பார்த்து முதல் இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றுள் ஒன்று பதினாறு அடி நீளமுள்ள பெண் பாம்பு. கைவிடப்பட்ட ஒரு பழைய ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள் அது பதுங்கியிருந்தது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பள்ளி சென்று படிக்காத அறிவை அரசு மதித்த நிகழ்ச்சியாக இதை நான் கருதுகிறேன். நம் ஊர்களில் இவர்கள் இனத்தவரை வரப்பு எலி பிடிக்க மட்டும் அழைக்கிறோம்.

நம் நாட்டில் மலைப்பாம்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடித்தாலும், வளர்த்தாலும், கொன்றாலும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. மூட்டு வலிக்கு மலைப்பாம்புக் கொழுப்பு என்று விற்பதும் இதில் அடங்கும். அந்தக் கொழுப்புக்குத் தனிச் சக்தி ஏதுமில்லை.

வயலிலும் வீட்டிலும்

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது. கடலைக் கொடிப் போர், வைக்கோல் போர், நெற்குதிர், சவுக்குத் தோப்பில் அடர்ந்து கிடக்கும் சருகு, உப்பள ஓலைக் கட்டு ஆகியவை எலிக்கு வீடு. ஆகவே விரியனுக்கும் வீடு. எலியைக் குறைத்தால் இரண்டும் குறையும். நெல் வயலில் வரப்புகளை ஒடுக்கமாகவும் களையின்றியும் வைத்திருங்கள். பெரிய வரப்பு எலிக்கு நாமே கட்டித் தரும் மாடி வீடு. நடவு முடிந்ததும் ஆந்தை அமர்வதற்கு ஏற்றவாறு குச்சிகளை நட்டு வையுங்கள். கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் அவற்றை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் பகலில் தானியம் தின்னும் பறவைகளுக்கு அது வசதியாகிவிடும். தஞ்சாவூர்க் கிட்டியை வரிசையாக வைப்பது நஞ்சுணவைவிட மேலானது. நஞ்சு தின்று செத்த எலியை ஆந்தையும் பாம்பும் தின்ன நேர்ந்தால் நம் கூலியில்லா ஆட்களை நாமே இழக்கிறோம். சாரைப்பாம்பை ஒருபோதும் அடிக்கக் கூடாது என்பதை இங்கே மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வோர் அறுவடையிலும் அடிபட்ட சாரை ஒன்றையாவது பார்க்கிறேன்.

ஓலைக் கட்டையும் கொடிப் போரையும் நேராகக் கையால் பற்றித் தூக்காதீர்கள். நீண்ட கழியாலோ கொக்கியாலோ முதலில் நம் பக்கமாகச் சாய்த்துப் புரட்டுங்கள். அப்போது அடியில் உள்ளது மறுபக்கம் ஓடும். விடியலில் உப்பு வாரப் போகிறவர்களும் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களும் கைவிளக்கு எடுத்துச் செல்ல வேண்டும். உப்பளத்தில் செருப்பு அணிய முடியாது என்பது தெரியும். ஆனால் வீட்டிலிருந்து உப்பளம் வரை வரும் வரப்பில் அணியலாம். விரியன் குட்டிகள் பெரும்பாலும் மே முதல் சூலை வரை பிறக்கின்றன. ஒரே ஈற்றில் இருபது முதல் நாற்பது வரை. ஆகவே ஆடி, ஆவணி மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பாதிப் பேர் சூன் முதல் செப்டம்பர் வரையான மழை மாதங்களில் இறந்தவர்கள். கடித்தவற்றுள் முதலிடம் கண்ணாடி விரியனுக்கு.

காட்டோர நிலம் வைத்திருப்பவர்களின் ஆட்டுப்பட்டியில் எப்போதாவது மலைப்பாம்பு புகுவதுண்டு. குட்டிகளை இரவில் தரையிலிருந்து உயர்த்திய பரணில், நெருக்கமான கம்பி வலைக்குள் அடைப்பது போதுமான காப்பு. இரையை விழுங்கி வயிறு புடைத்துக் கிடக்கும் மலைப்பாம்பால் விரைந்து நகர முடியாது. கோபத்தில் அடித்துக் கொல்வது மிகவும் எளிது. அடித்தாலும் குட்டி உயிரோடு வரப் போவதில்லை. விரட்டித் தொல்லை செய்தால் விழுங்கியதைக் கக்கிவிட்டுப் போகும். ஆட்களைப் பத்தடி தள்ளி நிற்கச் செய்து வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

கடித்துவிட்டால்

எந்தப் பாம்பு என்று ஆராய்வதில் நேரத்தைப் போக்க வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டு போகவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், கொலுசு, வளையல் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். காலானால் இரண்டு பக்கமும் பனை மட்டையோ சட்டமோ வைத்து, எலும்பு முறிந்தால் கட்டுவது போல் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது ஆகியவற்றால் நன்மையில்லை. விரியன் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுப்பது. ஆகையால் கீறிய இடத்திலிருந்து இரத்தம் நிற்காமல் போகும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் வரும், பல் ஈறில் இரத்தம் கசியலாம், சிறுநீர் குறையலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படும்.

108-க்கு அழையுங்கள், வண்டி வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் கிளம்பி அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமானால் திண்டிவனம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை உள்ளன. மருத்துவமனையில் சிறிது இரத்தத்தை எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். இதைக் கண்டு, சிகிச்சை செய்யாமல் காக்க வைக்கிறார்கள் என்று உறவினர்கள் சண்டையிடுவதைக் கண்டிருக்கிறேன். அந்த இருபது நிமிடத்தில் இரத்தம் உறையாவிட்டால் அது விரியன் கடியாக இருக்கும் என்று மருத்துவர் அறிந்து முறிமருந்தைத் தொடங்குவார். மருந்து ஏற்றிய பின்னும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதே சோதனை நடக்கும். கடித்தது எப்போது, எங்கே, கடித்த பின் என்னென்ன செய்தீர்கள் என்று அவர் கேட்கும்போது, நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.